அவளைக் கேட்டானா?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மீதிப் பேர் அவர் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டுவார்கள். படித்துக் காட்டினால் அவர் கோபப்படுவார் என்று நினைக்க வேண்டாம். "யாரும்மா அந்த ஆளு, இப்டிப் பண்ணிட்டுப் போயிருக்கான்?" என்று மனசார வருத்தப்பட்டுக் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பயம்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் கிடையாது. அம்மா அவரை அண்ணா என்பாள், அதனால் எனக்கு மாமா. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. சாயங்காலம் ஏழரை மணிக்கு எங்கள் டிவியில் சீரியல் பாட்டு ஆரம்பித்தால் அந்தச் சந்தைத் தாண்டி வந்துவிடுவார். தோளில் கிழிந்த வலை, கையில் வலை ஊசி. வாசற்படிக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார். உள்ளே அம்மா, நான், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். அந்த அரை மணி நேரம் வேறு எந்த ஆம்பளையும் எங்கள் வாசல் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

கரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். "இன்னா, சீரியலுக்கு நேரமாச்சா? தலையில பூ வெச்சுக்கினு போறது" என்பார்கள். அவர் நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் வருவார். "எனக்கும் ரெண்டு கண்ணு கீது. பொம்பளைங்க பாக்குறத நான் பாத்தா தேஞ்சா பூடும்?"

அந்தச் சீரியலின் நாயகன் ஒரு இன்ஸ்பெக்டர். ரவுடிகளை எல்லாம் புரட்டி எடுத்துவிட்டு, வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றி, மீசையைத் தடவிக்கொண்டு, மெல்லச் சிரித்தபடி உள்ளே வருவான். குடிக்கமாட்டான். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிக் கல்யாணம் பண்ணியவன். பெண்டாட்டி என்றால் உயிரை விடுவான். எங்கள் பெண்களுக்கெல்லாம் அவன் மேல் தனிப் பிரியம். "இப்டி ஒருத்தன் கெடைச்சிருந்தா நான் ஏன் கூடை தூக்கறேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா, தன் புருஷனுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்வாள்.

ஒரு நாள் அந்த இன்ஸ்பெக்டரின் பெண்டாட்டி உண்டாகிவிட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். இவன் என்ன செய்தான் என்றால், நேரே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அவள் கண்ணைப் பொத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, "இனிமே நீ ராணி மாதிரி இருக்கணும்" என்றான். பின்னால் வயலின் உருகியது. அவள் அழுதாள். சந்தோஷ அழுகை என்று காட்டினார்கள். எங்கள் வீட்டிலும் முந்தானைகள் மூக்குக்குப் போயின. நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

வாசலில் ஊசி நின்றது. "அவளக் கேட்டானா?" என்றார் மாமா.

யாருக்கும் புரியவில்லை. அம்மாதான், "நல்லதுக்குத்தானண்ணா பண்றான்" என்றாள்.

"நல்லதுக்குப் பண்றவன்தான்மா கேக்கணும். கெட்டதுக்குப் பண்றவன் இன்னாத்துக்குக் கேக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தார். அந்த டீச்சர் வேலைக்குப் போக எத்தனை வருஷம் படித்தாள் என்று அந்தச் சீரியலில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். அத்தனையும் பார்த்த எங்களுக்கு அது தோன்றவில்லை, வெளியே பெட்டியில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குத் தோன்றியது.

அதன் பிறகு என்னால் அந்த இன்ஸ்பெக்டரைப் பழையபடி பார்க்க முடியவில்லை. கடையில் அவளுக்குப் புடவை எடுக்கும்போது, எந்தக் கலர் வேண்டும் என்று கடைக்காரரிடம் அவனே சொல்வான். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தால் யார் என்று கண்ணாலேயே கேட்பான், சிரித்துக்கொண்டே. ஒருமுறை அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவள் எழுந்து வந்து அவனைத் தேற்றினாள். "அட்ச்சதும் அவன், அழுவுறதும் அவன். அவளுக்கு அழக்கூட எடம் வுடல பாரு" என்றார் மாமா. எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் எனக்குச் சாமி மாதிரி தெரிந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் தெரிந்தார்.

சீரியலோடு விடுகிற ஆளும் இல்லை. அடுத்த சந்தில் ஒருத்தன் புது பைக் நிறுத்த இடம் வேண்டுமென்று வாசலில் நின்ற முருங்கை மரத்தை வெட்டினான். அவன் பெண்டாட்டி வைத்து வளர்த்த மரம். பாதி வெட்டியிருக்கும்போது மாமா போய் நின்று, "அவளக் கேட்டியா?" என்றார். ஊரே வேடிக்கை பார்த்தது. அவன் கத்தியைக் கீழே போட்டான். அந்த மரம் ஒரு பக்கம் மொட்டையாக இன்றைக்கும் காய்க்கிறது. அதிலிருந்து அந்த வார்த்தை எங்கள் குப்பத்துப் பெண்களுக்குப் பழக்கமாகிவிட்டது. புருஷன் குழம்பில் இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டால், "என்னக் கேட்டியா?" என்று சிரிப்பார்கள்.

என் காலேஜும் அந்த வார்த்தையால் வந்ததுதான். பிளஸ் டூ முடித்ததும் நைனா என்னைத் தையல் கிளாசில் சேர்ப்பதாக இருந்தார். பொன்னேரிக்குத் தினம் பஸ்ஸில் போய் வருவது பெண் பிள்ளைக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. படகில் இருந்து இறால் இறக்கிக்கொண்டே மாமாவிடம் சொன்னார். நான் கூடையோடு பக்கத்தில் நின்றேன். "புள்ளயக் கேட்டியாடா?" என்றார் மாமா. நைனா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் என்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. "இன்னாம்மா, படிக்கிறியா?" என்றார். "படிக்கிறேன் நைனா" என்றேன். மூன்று வருஷம் பொன்னேரி பஸ்ஸில் போனேன்.

இவ்வளவையும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். சொல்லிவிட்டுச் சொன்னால் எனக்கு நானே செய்துகொள்கிற அநியாயம் போலிருக்கிறது. எப்படியும் சொல்லத்தான் போகிறேன்.

ஒன்றை மட்டும் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். சீரியலில் முதல் விளம்பரம் வரும்போது அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வலது கையைப் பின்னால் நீட்டுவார். அந்தக் கையில் டீ டம்ளர் வந்து உட்காரும். அவர் பெண்டாட்டி, எங்கள் அத்தை, சந்தைத் தாண்டிக் கொண்டுவந்து தருவாள். அவர் குடித்து முடிக்கும் வரை நிற்பாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நீட்டிய கை ஒரு நாளும் வெறுமனே காத்திருந்ததில்லை. நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஏன் அத்தே, நீ உக்காந்து பாக்கறதில்ல?"

"அவுரு பாத்துட்டு வந்து சொல்வாரும்மா" என்றாள் அத்தை.

பாசமான மனுஷன், கதை சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நைனா மஞ்சள் காமாலையில் போனது நான் காலேஜ் முடித்த அடுத்த வருஷம். அம்மாவும் நானும் மட்டும். நைனாவின் படகு இருந்தது, வலை இருந்தது. கூடவே அவருடைய பாடு இருந்தது. பாடு என்றால் முறை. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் கழி ஊன்றி இறால் வலை கட்டிவிட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று அம்மன் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஒரு கல்யாணமான ஆணுக்கு ஒரு சீட்டு. அப்பனுக்குப் பிறகு மகனுக்கு. மகன் இல்லாத வீட்டுச் சீட்டை எடுத்துவிடுவார்கள். சீட்டுப் போனால் படகும் வலையும் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அம்மா மற்றவர்கள் பிடித்ததை ஏலத்தில் எடுத்துத் தலையில் சுமந்து விற்க வேண்டியதுதான்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. சீட்டை அம்மா பெயரில் வைத்துக்கொள்வது. ஆள் வைத்து வலை கட்டுவது. பிடிப்பதில் ஆளுக்குப் பங்கு. ஊர் வழக்கத்தில் இல்லாததுதான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் யோசிக்க மாட்டார்களா என்று நினைத்தேன். எடுத்துச் சொல்வது யார்? கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. பேசுவது என்ன, கிட்டேயே போகக் கூடாது. கோயிலுக்குத் தள்ளி, கருவாடு காயப்போடுகிற இடத்தில் இருக்கிற அடிபம்பு வரைக்கும்தான் எங்கள் எல்லை. அங்கே நின்றால் கோயில் வாசல் தெரியும். பேசுவது கேட்காது.

நான் யோசிக்கவே இல்லை. நேரே சந்தைத் தாண்டினேன். மாமா கூட்டத்தில் மரியாதை உள்ளவர். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எழுதிக் குடு கண்ணு. நான் பேசறேன்" என்றார்.

நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, மூன்று தடவை அடித்துத் திருத்தி, நான்காவது தடவை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையைத் தட்டிக் காட்டினார். "உங்க நைனா இருந்தா எப்டியோ அப்டி. நீ கவலப்படாத" என்றார். அன்றைக்குத்தான் நைனா போன பிறகு அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

கூட்டம் நடந்த அன்றைக்கு அம்மாவும் நானும் அடிபம்புப் பக்கம் போய் நின்றோம். வெயில். கருவாட்டு ஈ முகத்தில் மொய்த்தது. மாமா எழுந்து நின்றது தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். யாரோ என்னவோ கேட்டார்கள், பதில் சொன்னார். பிறகு கூட்டம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. சிரித்த முகங்கள். பெரியவர் ஒருத்தர் கையை உயர்த்தி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஒத்துக்கினாங்கடி" என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா ஒரு பொட்டலம் சர்க்கரையோடு வந்தார். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது. சர்க்கரையை முதலில் அம்மா வாயில் போட்டார், அப்புறம் என் வாயில் போட்டார். போட்ட பிறகுதான் சொன்னார்.

"பாடு எங்கியும் போவாது தங்கச்சி. என் தம்பி மவனுக்கு இவளக் கட்டிக் குடுக்கறதா ஊர் எதிர்ல சொல்லிட்டேன். அவன் பேர்ல சீட்டு. படகு, வலை எல்லாம் வூட்டோட இருக்கும். அவன் காசிமேட்டுல அடுத்தவன் போட்டுல கெடந்து கஷ்டப்பட வேணாம். இவளும் உன் கண்ணு முன்னாலியே இருப்பா. கல்லு மாதிரி இருந்த பெரியவங்கல்லாம் அப்டியே கலங்கிட்டாங்க போ."

சர்க்கரை நாக்கில் இருந்தது. துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அவர் தம்பி மகனை எனக்குத் தெரியும். கெட்டவன் இல்லை. அதுவா விஷயம்? அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாய்தானே, இந்த வாய்தானே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அந்த ஒரு கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டிருக்கலாம். "அந்தத் தாள், மாமா?" என்றுதான் கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு இனிமே? அதவிட நல்லதா முடிச்சுட்டேன்" என்றார்.

"எனக்கு இஷ்டமில்ல மாமா."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கிப் போனது. அது கோபம் இல்லை. அடிபட்ட முகம். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னாம்மா இது? எல்லார் எதிர்லயும் உங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டா. நீயும் கும்பிட்ட. ஊரே பாத்துச்சு. அதுக்கு மேல உன்னக் கேக்க இன்னா கீது? நீ இன்னா வெளியாளா, என் வூட்டுப் பொண்ணு" என்றார்.

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். மடியில் கிடந்த அந்த இரண்டு கைகளை அவள் எப்படிப் பார்த்தாள் என்பதை என்னால் மறக்க முடியாது. கேட்காத தூரத்தில் நிற்க வைத்து, அங்கிருந்து நாங்கள் சொன்ன நன்றியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கட்டிக்கொள்ளவில்லை. அழுது, பட்டினி கிடந்து, அதில் மட்டும் ஜெயித்தேன். ஆனால் அம்மன் எதிரில் சொன்ன சொல்லைத் திருப்ப முடியாது என்று ஊர் சொல்லிவிட்டது. சீட்டு அவன் பெயரிலேயே நின்றது. மூன்று மாதத்தில் அவனுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் பெண் எடுத்தார்கள். நைனாவின் இடத்தில் இன்றைக்கும் அவன்தான் வலை கட்டுகிறான். தன் தம்பி வீட்டுக்கு ஒரு பாடு சேர வேண்டும் என்று மாமா திட்டம் போட்டுச் செய்தார் என்று அம்மா நம்புகிறாள். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர் திட்டமெல்லாம் போடவில்லை. நல்லதுக்குத்தான் செய்தார்.

கூட்டம் நடந்து நாலு நாள் கழித்து அத்தை சந்தைத் தாண்டி வந்தாள். கையில் டம்ளர் இல்லை. ஈரமாகச் சுருண்ட ஒரு காகிதம் இருந்தது. மாமாவின் சட்டையைத் துவைக்கும்போது பையில் இருந்து வந்ததாம். மை முழுக்க ஊறி நீலமாகப் பரவியிருந்தது. நாலாக மடித்த மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை போல.

"உன் எழுத்துதான இது? இதுல இன்னா எழுதியிருந்தம்மா?" என்றாள் அத்தை.

அந்த ஊரில் என்னை அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

இப்போது நான் பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் மனு எழுதுகிறேன். ஒவ்வொருத்தரையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறேன். வக்கீல் சலித்துக்கொள்வார். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறாள்.

அந்த வேலைக்கு வருவதற்கு முன் கடைசியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குப் பிறகு பத்து நாள் எங்கள் வாசலுக்கு வராமல் இருந்த மாமா, பதினோராம் நாள் ஏழரைக்கு வந்தார். தோளில் வலை. பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெண்கள் எல்லாரும் டிவியையே பார்த்தார்கள். அன்றைக்கு அந்த இன்ஸ்பெக்டர், தன் தங்கச்சியைத் தன் சிநேகிதனுக்குக் கட்டிக் கொடுக்கப்போவதாக ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் மைக்கில் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். தங்கச்சி விக்கித்து நின்றாள். அவள் முகத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

வாசலில் ஊசி நின்றது.

"அவளக் கேட்டானா பாத்தியா?" என்றார். பழைய கோபம், பழைய வருத்தம், ஒன்றும் குறையவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கதவு வழியாக உள்ளே எட்டி என்னைத்தான் பார்த்தார். எப்போதும் நான்தானே ஆமாம் போடுவேன்.

"கேக்கல மாமா" என்றேன். டிவியைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இப்போதாவது, இப்போதாவது என்று காத்திருந்தேன்.

"அதான சொல்றேன்" என்று தலையை ஆட்டினார். விளம்பரம் வந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினார். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே டம்ளரை அந்தக் கையில் வைத்தாள்.